மாமனார் பைக்குக்கு நான் வைத்த கை கியர்

கெட்டுப்போன பொருளை எஞ்சினியரிடம் தைரியமாகக் கொடுக்கலாம், அதற்கு மேல் கெட ஒன்றுமில்லை. நன்றாக ஓடுகிற பொருளைத்தான் கொடுக்கவே கூடாது. நானே மெக்கானிக்கல் படித்தவன் என்பதால் இதைச் சொல்ல எனக்கு முழுத் தகுதி உண்டு. (படித்ததற்குச் சான்றிதழ் மட்டும் இருக்கிறது.)

எனக்கு ஊர் நாசரேத், புராட்டஸ்டண்ட் குடும்பம். தூத்துக்குடியில் ஒரு கன்டெய்னர் யார்டில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பெட்டிகளுக்குக் காவல் இருக்கிற வேலை. ஜென்சியைக் காதலித்துக் கட்டிக்கொண்டேன். அவள் ஆலந்தலைக்காரி, கத்தோலிக்கக் குடும்பம். மாதாவுக்கு ஒரு மெழுகுவர்த்தி ஏற்றத் தெரியாதவனுக்கு மகளைக் கொடுத்த வருத்தத்தில் அவள் அப்பா என்னிடம் நேராகப் பேசுவதில்லை. நான் எதிரிலேயே சாப்பிட்டுக்கொண்டிருப்பேன். "ஏளா, ஒம் புருசனுக்கு இன்னொரு துண்டு மீன் வேணுமான்னு கேளு" என்பார் மகளிடம். "போதும்னு சொல்லு" என்பேன் நானும் அவளிடமே.

மாமா காலமெல்லாம் மீன்பிடி லாஞ்சு ஓட்டியவர். கரையில் அவருக்கு ஒரே செல்லம், வலது காலால் கியர் போடுகிற அந்தக் காலத்து பைக். வலது முட்டியில் ஆபரேஷன் ஆனபிறகு கியரை மிதிக்க முடியவில்லை. காலையில் வண்டியைத் துடைப்பார், கொஞ்சநேரம் பார்ப்பார், உள்ளே போய்விடுவார். எனக்கு மூளை வேலை செய்தது. கியரைக் கையால் போடுகிற மாதிரி மாற்றிக் கொடுத்தால் மனிதர் என்னிடம் வாய் திறந்துதானே ஆகவேண்டும்?

"சும்மா இருக்க மாட்டீங்களா? ஒரு ஆளு வச்சு ஓட்டிக்கிடலாம்லா" என்றாள் ஜென்சி. விஞ்ஞானத்துக்கு எப்போதுமே வீட்டில் எதிர்ப்புதான்.

துறைமுகத்துப் பழைய இரும்புக்கடையில், உடைத்த லாஞ்சு ஒன்றின் கியர் லீவர் கிடைத்தது. உருண்டைப் பித்தளைப் பிடி, மாமாவின் கைக்குப் பழகிய சாமான். தொட்டதும் அவருக்கு லாஞ்சு ஞாபகம் வரவேண்டும் என்று ஆசைப்பட்டேன். (வந்தது.) கால் கியரைக் கழற்றிவிட்டு, அந்தத் தண்டிலேயே லீவரைப் பற்றவைத்து டேங்க் பக்கத்தில் நிறுத்தினேன். தள்ளினால் கியர் ஏறியது, இழுத்தால் இறங்கியது. அதோடு விட்டிருக்கலாம். ஆனால் வேகம் எடுக்கும்போது உடம்பு பின்னால்தானே சாய்கிறது, கையும் பின்னால் வருவதுதான் இயற்கை என்று எனக்குள் இருந்த மேதை சொன்னான். நடுவில் ஒரு கம்பியைக் கோர்த்து, இழுத்தால் ஏறும், தள்ளினால் இறங்கும் என்று தலைகீழாக்கினேன். அன்று கண்ணாடியில் என்னை நானே மரியாதையாகப் பார்த்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து தெருவே கூடியது. கிக்கரை நான் உதைத்துக் கொடுத்தேன். (தினமும் யார் உதைப்பது என்ற கேள்வி என் திட்டத்தில் இல்லை.)

"கிளட்ச பிடிச்சிட்டு லீவர இழுங்க மாமா, வேகம் ஏறும். தள்ளுனா கொறயும். நிறுத்த எடது காலுல பிரேக்கு."

மாமா ஜென்சியைப் பார்த்து, "வெளங்குதுன்னு சொல்லு" என்றார்.

கிளம்பினார். கோயில் வரை போய் அழகாகத் திரும்பினார். அவர் முகத்தில் சிரிப்பைப் பார்த்ததும் நான் ஜென்சியைப் பெருமையாகப் பார்த்தேன். அப்போதுதான் பக்கத்து வீட்டு அன்னம்மா அக்காவின் ஆடு குறுக்கே வந்தது.

லாஞ்சுக்குப் பிரேக் கிடையாது. நிறுத்தவேண்டுமானால் லீவரைப் பின்னால் இழுத்து ரிவர்ஸ் போடவேண்டும். ஆட்டைக் கண்டதும் மாமாவின் கை அந்தப் பித்தளைப் பிடியை அடையாளம் கண்டுகொண்டது. இழுத்தார். வண்டி இரண்டாவது கியரில் பாய்ந்தது. நிற்கவில்லையே என்று இன்னும் பலமாக இழுத்தார். மூன்றாவது. ஆக்சிலேட்டரோ முறுக்கிய இடத்திலேயே நிற்கிற பழைய ரகம்.

"பிரேக்கு மாமா, பிரேக்கு" என்று கத்திக்கொண்டே பின்னால் ஓடினேன். ஆடு பிழைத்தது. அன்னம்மா அக்கா வலைமேல் காயப்போட்டிருந்த சாளைக் கருவாட்டுக்குத்தான் அந்த யோகம் இல்லை. வலையை வாரிக்கொண்டு மணலில் இறங்கி, சக்கரம் பாதி புதைந்து, வண்டி தானாக அணைந்தது.

மாமா சீட்டிலேயே நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். கழுத்தில் வலை, தோளில் கருவாடு. நல்லவேளை, அடி ஒன்றும் இல்லை. இனி இந்த வீட்டில் எனக்கு மீன் துண்டு பற்றிய விசாரணைகூட வராது என்று நினைத்தேன்.

அவர் மெதுவாகத் திரும்பினார். ஜென்சியைத் தாண்டி என்னைப் பார்த்தார்.

"ஏலே மாப்பிள, எல்லாம் சரியாத்தான் வச்சிருக்க. நங்கூரத்த எங்கன வச்ச?"

"மறந்துட்டேன் மாமா" என்றேன். வேறென்ன சொல்ல?

முதலில் சிரித்தது கருவாட்டைப் பறிகொடுத்த அன்னம்மா அக்காதான். எனக்கு அழுகை வந்தது. வெட்கத்தில் பாதி, மாப்பிள என்று கூப்பிட்டுவிட்டாரே என்பதில் பாதி.

மறுவாரமே கால் கியர் பழைய இடத்துக்குப் போயிற்று. இப்போது நான் ஓட்ட, அவர் பின்னால் உட்கார்ந்து பூசைக்கு வருகிறார். பிறகு பிறந்த எங்கள் பிள்ளைக்கு நடைவண்டி வாங்கி வந்தாலும் குனிந்து அடியில் பார்த்து, "நங்கூரம் இருக்கா?" என்கிறார். எந்தக் கல்யாண வீட்டுக்குப் போனாலும் பந்திக்கு முன்னால் இந்தக் கதை உண்டு. ஒவ்வொரு தடவையும் வண்டியின் வேகமும் என் முட்டாள்தனமும் கூடிக்கொண்டே போகின்றன. போன மாதம் சொன்னதில் வண்டி கடலுக்குள்ளேயே இறங்கிவிட்டது. எல்லோரும் சிரித்து ஓய்ந்து, "யாரு அண்ணாச்சி அந்தக் கிறுக்கன்?" என்று கேட்கும்வரை காத்திருப்பார். பிறகு என் தோளில் கைபோட்டு, கொஞ்சமும் வெட்கமில்லாமல், "நம்ம மாப்பிளதான்" என்பார்.