பெரிய சார் பார்த்த நூல்

“நூல் எங்கம்மா?” என்று கேட்டார் பெரிய சார், மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்காமலே.

“கிருமி நல்லா ஒட்டியிருக்கு சார். ஒவ்வொரு வெள்ளை அணுவிலயும் இருபது முப்பது இருக்கும்,” என்றாள் அவள்.

“ஒட்டியிருக்கிறது தெரியுது. எதால ஒட்டியிருக்கு? நூல் எங்க?”

கக்குவான் இருமல் கிருமி ஒரு கில்லாடி. தன் மேல் இருக்கும் நூல் போன்ற புரதத்தால், தன்னை விழுங்க வரும் வெள்ளை அணுவையே பிடித்துக்கொள்ளும். பிடிக்க வந்த போலீஸ்காரரின் பெல்ட்டைப் பிடித்துத் தொங்கும் திருடன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அந்த நூல் மகா மெல்லியது. இந்த மைக்ராஸ்கோப்பில் தெரியவே தெரியாது. அவருடைய ஆய்வுக்கூடத்தில் ஆராய்ச்சியாளராகச் சேர்ந்த இரண்டு வருடத்தில் இதை அவள் நாலு தடவை பணிவாகச் சொல்லிப் பார்த்துவிட்டாள்.

நாலு தடவையும் பெரிய சார் தன் அறைச் சுவரைக் காட்டினார். “அப்போ அது என்ன?”

சுவரில், சட்டம் போட்டு, பதினெட்டு வருடத்துக்கு முன்பு அவர் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். ஒரு கிருமி, ஒரு வெள்ளை அணு, நடுவில் அழகாக வளைந்த ஒரு நூல். அதைப் பிடித்துத்தான் அவர் விருது வாங்கினார், இயக்குநர் நாற்காலியில் ஏறினார். உலகத்தில் வேறு எவர் கண்ணுக்கும் அந்த நூல் அகப்படவில்லை. அவருடைய கைராசி என்று சொல்லிக்கொண்டார்கள். முதலில் சொன்னவர் அவர்தான். இப்போது புத்தகம் எழுதுகிறார். அட்டைக்கு அதே நூல் கலரில் வேண்டுமாம்.

“வெள்ளிக்கிழமைக்குள்ள நூல் வந்துடணும். அன்னிக்குத்தான் உன் வேலை நீட்டிப்புல கையெழுத்து போடறேன்,” என்றார். மிரட்டவில்லை, பாவம். தகவல்தான் சொன்னார்.

திங்கட்கிழமை, நூலை எடுத்துக்காட்டும் பச்சைச் சாயத்தைக் கூட்டினாள். எல்லாம் பச்சை. பாசி பிடித்த தொட்டிக்குள் கிருமியையும் காணோம், அணுவையும் காணோம்.

செவ்வாய்க்கிழமை கிருமிக்குக் கூடுதல் நேரம் கொடுத்தாள். கிருமி அந்த நேரத்தை வீணாக்கவில்லை. வெள்ளை அணுக்கள் ஒன்று விடாமல் செத்துப்போயிருந்தன.

“பழைய ரத்தம்மா அது. புதுசா எடு,” என்றார் பெரிய சார். யாருடையது என்று அவர் சொல்லவில்லை.

புதன்கிழமை அவள் தன் கையையே நீட்டினாள். விஷயம் தெரிந்து கணவன் போனில் குதித்தான்.

“ரத்தத்தை உறிஞ்சி வேலை வாங்கறாங்கன்னு ஒரு பேச்சுக்குத்தான் சொல்வாங்க! உங்க ஆபீஸ்ல நிஜமாவே உறிஞ்சறாங்களா?”

“நூல் வரலைன்னா வெள்ளிக்கிழமையிலிருந்து நான் வீட்டுலதான்.”

போனில் குதிப்பது நின்றது.

“இன்னொரு கையிலயும் எடுத்துப் பாரேன்,” என்றான்.

அவள் ரத்தத்தில் கிருமிகள் குடும்பத்தோடு வந்து ஒட்டிக்கொண்டன. நூல் மட்டும் வரவில்லை. மூலையில் இரண்டு தூசிதான் தெரிந்தது.

“அழுக்கு! சுத்தம் இருந்தாத்தானே நூல் தெரியும்?” என்றார் பெரிய சார்.

அவள் கழுவும் அறைக்கு ஓடினாள். அங்கே இருபது வருடமாக மைக்ராஸ்கோப்பில் வைக்கும் கண்ணாடித் துண்டுகளைக் கழுவித் துடைப்பவரை எல்லோரும் கண்ணாடி அக்கா என்றே கூப்பிடுவார்கள்.

“அக்கா, இனிமே பேப்பர்லகூடத் துடைக்க வேணாம். மூணு தடவை கழுவி மெஷின்லயே காய வச்சிடுங்க. ஒரு தூசி இருக்கக் கூடாது.”

“அதுக்கென்ன டாக்டரம்மா, செஞ்சிட்டாப் போச்சு.”

செய்தும் விட்டார். வியாழக்கிழமை கண்ணாடி பளபளவென்று மின்னியது. தூசியும் இல்லை, நூலின் சாயல்கூட இல்லை. பெரிய சார் பார்த்துவிட்டு, “நாளைக்குப் பேசலாம்,” என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார். அவள் அந்தப் படத்துக்கு முன்னால் நின்று அழுதேவிட்டாள். இரண்டு கையிலும் பஞ்சு ஒட்டியிருந்தது.

கழுவிய கண்ணாடித் தட்டோடு வாசலில் வந்து நின்றார் கண்ணாடி அக்கா. பெரிய சார் அறைக்குள் அவர் கால் வைத்ததே இல்லை.

“என்ன டாக்டரம்மா, ஏன் அழறீங்க?”

“இந்தப் படத்துல இருக்கிற நூல் எனக்கு வரவே மாட்டேங்குது அக்கா. நாளைக்கு வேலை போயிடும்.”

அக்கா தட்டை மேஜையில் வைத்துவிட்டுக் கிட்டே போய்க் கண்ணை இடுக்கிப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

“அட, இது என் பழைய துடைக்கிற துணியோட நூலாச்சே! இதை மைக்ராஸ்கோப்புல காட்டித்தானே சார் அன்னிக்கு என்னை அந்தத் திட்டு திட்டினார்! அழாதீங்க டாக்டரம்மா, துணி இன்னும் பத்திரமா இருக்கு, எடுத்துட்டு வரேன்.”