லிப்ட்டில் ஆள் நின்றது என் தப்பா, மாப்பிள்ளை?

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமனார் எழுதுவது. நானும் உங்கள் அத்தையும் சுகம். நீங்களும் என் மகளும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். போனில் பேசினால் பாதி விட்டுப்போகிறது, அதனால்தான் கடிதமாக எழுதி வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன்.

முப்பத்தோரு வருஷம் லிப்ட் பரிசோதித்தவன் நான். ரிப்போர்ட் என்றால் படம், தேதி, நேரம், மாடி நம்பர் எல்லாம் இருந்தாக வேண்டும். கை அப்படிப் பழகிவிட்டது. வெளிநாட்டில் உங்களோடு வந்து தங்கியிருந்தபோது உங்கள் குடியிருப்பு லிப்ட் நடுங்கியதைப் பார்த்துப் பொறுக்காமல் பேஸ்புக்கில் ரிப்போர்ட் போட்டேன். படத்தில் மூன்றாம் மாடி அம்மா தலையில் துண்டும் கையில் குப்பைப் பையுமாக நின்றது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. கேட்காமல் முகத்தைப் போட்டது குற்றம் என்று அவர் புகார் கொடுக்க, விசா புதுப்பிக்கிற நேரத்தில் நீங்கள் அவர் வாசலில் கைகட்டி நின்றீர்களே, நினைத்தால் இப்போதும் கூசுகிறது. மகராசி, புகாரை வாபஸ் வாங்கினார்.

அங்கே மந்திரியைத் திட்டலாம், பக்கத்து வீட்டு முகத்தைக் காட்டக் கூடாது என்று பாடம் படித்துக்கொண்டு திரும்பினேன். வந்ததும் ஒரு அரசாங்க ஆபீஸ் லிப்ட்டில் முக்கால் மணி நேரம் மாட்டினேன். யார் முகத்தையும் காட்டாமல், 'இந்த இலாகா மந்திரியின் மூளையும் இரண்டு மாடிக்கு நடுவில் நிற்கிறது' என்று மட்டும்தான் எழுதினேன். மறுநாளே போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். இங்கே யார் முகத்தையும் காட்டலாமாம், மந்திரியைத் தொடக் கூடாதாம்! நாட்டுக்கு நாடு வாயில் வேறு வேறு இடத்தில் பூட்டு என்று யார் கண்டது?

"கேஸ் போட்டா பென்ஷனே போயிடும், பெரியவரே"ன்னு ஸ்டேஷன் அதிகாரி சொன்னதும் உங்களுக்குத்தான் போன் போட்டேன். நீங்க அங்கே வேலையை விட்டுட்டு அவர்கிட்ட ஒரு மணி நேரம் போன்ல பேசி, வக்கீலையும் அனுப்பி, என்னை வீட்டுக்குக் கொண்டாந்து சேர்த்தீங்க. உங்க அத்தை, "வாயை மூடிக்கிட்டு இருக்கத் தெரியாதா"ன்னா. என் தம்பியும் அதையேதான் சொன்னான். நீங்க மட்டும், "சொல்ல வேண்டியதைச் சொல்லுங்க மாமா, ஆளை மட்டும் விட்டுடுங்க"ன்னீங்க. என்னை ஊமையாக்காம காப்பாத்தினது நீங்க ஒருத்தர்தான். இதை நான் சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன். இனி என்னால உங்களுக்கு ஒரு தலைவலியும் வராது, சத்தியம்.

ரெண்டு பேரும் நீடூழி வாழணும்.

உங்கள் நன்றி மறவாத
மாமனார்

பி.கு.: நேற்று கையெழுத்துப் போட மறுபடியும் போனேன், ஸ்டேஷன் லிப்ட்டும் நடுங்குகிறது. நீங்கள் சொன்னபடியே ஆளை விட்டுவிட்டு, லிப்ட்டின் உட்புறத்தை மட்டும் படமெடுத்துப் போட்டேன். பின்சுவர் முழுக்கக் கண்ணாடி என்பதைக் கவனிக்கவில்லை. அதில் அந்த அதிகாரி சட்டைப் பட்டனைக் கழற்றிவிட்டுப் பல் குத்திக்கொண்டு நிற்பது தேதி, நேரம், மாடி நம்பரோடு தெளிவாகத் தெரிகிறதாம். நாளை காலை வரச் சொல்லியிருக்கிறார். போனை அணைத்துவிடாதீர்கள்.