அடிக்குறிப்பில் சிக்கிய பாயசம்

“…எம்பட சொல்லெடுத்து இன்னொருத்தர் பேருல எழுதி வெச்சா, அதுக்குப் படிச்சவங்க என்னமோ பேரு வெச்சிருப்பீங்களே, அது என்னங்க மாப்ள?”

என் மாமியார் இப்படிக் கேட்டபோது எங்கள் வாழப்பாடி வீட்டு ஹாலில் இரண்டு பக்கத்து உறவும் நிறைந்திருந்தது. என் மனைவி கவிதாவுக்கு அன்று வளைகாப்பு. நான், ஸ்பைரல் போட்ட என் ஆய்வேட்டுக்குப் பக்கத்தில், நடத்தாத பாடத்திலிருந்து கேள்வி கேட்கப்பட்ட மாணவன் மாதிரி விழித்துக்கொண்டிருந்தேன். அவர் கேட்ட பெயர் எனக்குத் தெரியும். கருத்துத் திருட்டு. ஆனால் பரமத்தி வேலூரிலிருந்து வந்திருக்கும் சம்பந்தியம்மாவிடம், அதுவும் அவர் இன்னும் இலையில் உட்காராத நேரத்தில், “ஆமாங்கத்தை, திருட்டுதான்” என்று எந்த மருமகன் சொல்வான்?

படிப்பும் அம்மை மாதிரிதான். சின்ன வயதில் வந்தால் லேசாகப் போய்விடும். வயதான பிறகு வந்தால் ஆளையே புரட்டிப் போட்டுவிடும். பன்னிரண்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். சேலத்தில் ஒரு லாரி புக்கிங் ஆபீசில் வேலை. டிரைவர், கிளீனர், லோடுமேன் என்று யார் வந்தாலும் டீ வாங்கிக்கொடுத்துப் பேச்சைக் கிளறி, அவர்கள் உதிர்த்துவிட்டுப் போகும் சொலவடைகளைப் பொறுக்கிக்கொள்வேன். (“டீக்காசு எனக்கு, சொலவடை உனக்கா?” என்பார் முதலாளி.) அஞ்சல் வழியில் பி.ஏ. முடித்து, அந்தத் திமிரில் எம்.ஏ.வும் சேர்ந்தேன். ஆய்வேடு ஒன்று எழுத வேண்டும் என்றார்கள். நம்மிடம்தான் சொலவடை மூட்டையாகக் கிடக்கிறதே, எழுதினால் போயிற்று என்று நினைத்தேன்.

வழிகாட்டியாக வாய்த்த மேடம் முதல் பிரதியைப் புரட்டினார்.

“இதெல்லாம் யார் சொன்னது?”

“எல்லாரும் சொல்றதுதாங்க மேடம்.”

“எல்லாரும்னா யாரு? பேரு, ஊரு, வயசு போடுங்க. ஆதாரம் இல்லாத வரி ஒண்ணுகூட இருக்கக்கூடாது.”

அன்று பிடித்தது எனக்குக் கிறுகிறுப்பு. இடப்பக்கம் இவ்வளவு அங்குலம் விட வேண்டும், வலப்பக்கம் அவ்வளவு விட வேண்டும். பேருக்குப் பின்னால் காற்புள்ளி, ஊருக்குப் பின்னால் முற்றுப்புள்ளி. இல்லை, அது நூலுக்கு, ஆளுக்கு வேறு. மேடம் சொல்லும்போது எல்லாம் விளங்கும். பஸ் அயோத்தியாப்பட்டணம் தாண்டுவதற்குள் புள்ளியும் காற்புள்ளியும் இடம் மாறிவிடும். ஆதாரம் தேடுவது அதைவிட மோசம். ஒரு சொலவடையைச் சொன்ன டிரைவர், “எங்க மாமன் சொல்லும்” என்றார். மாமனைத் தேடி ஓமலூருக்குப் போனால், “சந்தையில எவனோ சொன்னானுங்க” என்றார். நானும் ஒழுங்காக அடிக்குறிப்பு எழுதினேன்: ‘எவனோ, ஓமலூர் சந்தை.’ மேடம் அதன் பக்கத்தில் சிவப்பு மையில் ‘வயது?’ என்று கேட்டிருந்தார்.

இந்தக் குழப்பத்திலிருந்து என்னைக் காப்பாற்றியவர் அத்தை, அதாவது என் மாமியார். அவருக்குப் பெயர் இருக்கிறது, ஊர் இருக்கிறது, நிலையான விலாசம் இருக்கிறது. வயதுகூடச் சொன்னார் (கொஞ்சம் தள்ளுபடி போட்டு). வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருக்கும் குடும்பம். வாயைத் திறந்தால் வெற்றிலை வாசம் முதலில் வரும், சொலவடை அடுத்து வரும். ஒரு இயல் முழுக்க அவர் சொன்னதே நிறைந்துவிட்டது. ஒரே பெயரை எழுதி எழுதிக் கை ஓய்ந்தபோது மேடம் ஒரு வரம் கொடுத்தார். அடுத்தடுத்து அதே ஆளைக் குறிப்பிட்டால் பெயர் தேவையில்லை, ‘மேலது’ என்று போட்டால் போதும். மேலே சொன்ன அதே ஆள் என்று அர்த்தம்.

அடடா! முதல் குறிப்பில் அத்தையின் பெயர். அதற்குக் கீழே மேலது, மேலது, மேலது என்று நெல் நாற்று நடுவது மாதிரி நட்டுக்கொண்டே போனேன்.

அந்த நாற்றில் ஒன்று, அத்தை எனக்குச் சொல்லாதது. எங்கள் கல்யாண வரவேற்புக்கு என் அம்மா பாதித் தெருவுக்குப் பந்தல் போட்டிருந்தாள். வேலூர்க்காரர்கள் உட்கார்ந்த கடைசிப் பந்திக்குப் பாயசம் வரவில்லை. அத்தை முகம் மாறாமல் மணப்பெண்ணின் காதில் மட்டும் சொன்னாராம்: “பந்தல் ஊரளவு, பாயசம் ஒழக்களவு.” கவிதா இதைப் பிற்பாடு ஒரு நல்ல நேரத்தில், யாரிடமும் சொல்லக்கூடாது என்ற சத்தியத்தோடு, என்னிடம் சொன்னாள். புருஷனாக நான் அதை மறந்திருக்க வேண்டும். ஆய்வாளனாக எழுதிவிட்டேன். ‘வெளிப்பகட்டு மிகுந்து உபசரிப்பில் குறை வைப்போரைக் குறிப்பது’ என்று விளக்கமும் கொடுத்தேன். யார் வீட்டுப் பந்தல் என்று எழுதவில்லை. (அந்தளவுக்கு மூளை இருந்தது.)

எல்லாம் முடிந்து கடைசிப் பிரதி எடுக்கப் போகும் சமயம், அம்மா அதை வாங்கிப் புரட்டினாள்.

“மாமியா சொன்னது பூரா எழுதியிருக்கிற. பெத்தவ ஊமையாடா?”

நியாயமான கேள்வி. உடனே டி.டி.பி. கடைக்குப் போன் போட்டேன். ‘ஊர் வாயை மூட உலைமூடி இல்லை’ என்பதை அம்மா பெயரில் சேர்க்கச் சொன்னேன். எங்கே சேர்ப்பது என்று கேட்டார்கள். அத்தையின் முதல் சொலவடைக்கு அடுத்து என்றேன். சம்பந்திகள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் அழகு என்று நினைத்தேன். கீழே வரிசையாக நிற்கும் மேலதுகள் இனிமேல் யாரைக் கைகாட்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

ஸ்பைரல் போட்ட பிரதி வளைகாப்பன்று காலையில் வந்தது. “எல்லாரும் கேக்கட்டும், படிடா” என்று அம்மா தன் தம்பியிடம் அதைக் கொடுத்தாள். என் மாமா பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். தொண்டைக்கு மைக் வேண்டாம். ஒவ்வொரு சொலவடையையும் படித்து, அடிக்குறிப்புக்கு இறங்கி, விரலை மேலே ஓட்டினார்.

“மேலது. மேல யாரு? அட, நம்ம அக்கா!”

அம்மா முதலில், “நானா சொன்னேன்?” என்றாள். அடுத்ததற்கு, “சொல்லியிருப்பேன்” என்றாள். அதற்கடுத்ததற்கு, “ஆமா, இது நான் அடிக்கடி சொல்றதுதானே” என்றாள். சொந்தங்கள் எல்லாம் ஆச்சரியத்தோடு அம்மாவைப் பார்த்தார்கள். எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. பயந்துபோய் அத்தையைப் பார்த்தேன். அவர் வாயில் வெற்றிலை மெல்லுவது நின்றிருந்தது.

மாமா பக்கத்தைத் திருப்பினார். “பந்தல் ஊரளவு, பாயசம் ஒழக்களவு! மேலது!”

ஹாலே கைதட்டியது. அம்மா ஒரு படி மேலே போய் விளக்கமும் சொன்னாள். “சில பேர் வீட்டுல அப்படித்தாங்க. பந்தலுக்கு ஒண்ணும் குறைச்சல் இருக்காது. பந்தியில பாத்தாத்தான் தெரியும் லட்சணம்.” கவிதா என் தொடையில் கிள்ளினாள். புது வளையல்கள் குலுங்கி, கிள்ளியதையும் ஊருக்கே அறிவித்தன.

அப்போதுதான் அத்தை எழுந்து, நான் தொடக்கத்தில் சொன்ன அந்தக் கேள்வியைக் கேட்டார்.

“அத்தை, அது வந்து, அந்த மேலதுக்கு மேல நீங்கதான் இருந்தீங்க. நடுவுல அம்மா வந்துட்டாங்க.”

“நடுவுல வந்தவங்களுக்கு என்னத்துக்குங்க எங்கூட்டுச் சொல்லு?”

“அப்ப மேல யாரு, கீழ யாரு?” என்றார் மாமா, ஏட்டைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துக்கொண்டு.

சாயங்காலம் கவிதாவைத் தலைப்பிரசவத்துக்கு வேலூருக்கு அழைத்துப்போக வேண்டும். சம்பந்தியம்மா இலையில் உட்காராமல் படி இறங்கினால், அப்புறம் இரண்டு வீட்டுக்கும் போக்குவரத்து இல்லை. பிள்ளையைப் பார்க்க அம்மா அந்த ஊர்ப் படி ஏற மாட்டாள். அத்தையின் நிலைமையோ அதைவிடச் சிக்கல். தன் சொல்லை விட்டுக்கொடுக்கவும் மனமில்லை. தன்னுடையது என்று சொன்னால் யாரைச் சொன்னது என்ற கேள்வி வரும்.

அம்மா அதையே கேட்டாள், வெள்ளை மனதோடு. “நீங்க சொன்னதா சம்பந்தி? அதனால என்ன, திருத்திப் போடச் சொல்றேன். எங்க, யாரப் பாத்துச் சொன்னீங்க?” மேடம்கூட இவ்வளவு கச்சிதமாகக் கேட்டதில்லை.

அத்தை என்னைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டார்.

“உங்களப் பாத்துத்தானுங்க. இவிய ரிசப்சன்ல. கடைசிப் பந்தியில.”

அம்மாவின் முகம் சிவந்தது. ஆனால் அவள் திரும்பியது என் பக்கம்.

“ஏண்டா, கடைசிப் பந்திக்குப் பாயசம் போகலையா? மிச்சம்னு சொல்லி அந்தச் சமையக்காரன் ஒரு தூக்கு நிறையக் குடுத்தானே, நாம மறுநாள்கூடக் குடிச்சோமே!”

சொல்லிவிட்டு விறுவிறுவென்று சமையலறைக்குள் போனாள். அவள் திரும்பி வருவதற்குள் பின்கதையைச் சொல்லிவிடுகிறேன். ஏட்டில் மேலது அத்தனையையும் அழித்து, எல்லா இடத்திலும் முழுப்பெயர் போட்டேன். மேடம், ‘மேலது போதுமே’ என்று எழுதி, பாஸ் போட்டார். எங்கள் மகள் இப்போது யூ.கே.ஜி. படிக்கிறாள். சுவரில் கிறுக்கியது யார் என்று கேட்டால், “மேலது” என்கிறாள். சொந்தத்தில் யாராவது புறணி கொண்டு வந்தால், “நீ நேராக் கேட்டியா, இல்ல மேலதா?” என்றுதான் விசாரணை தொடங்குகிறது. எந்த விசேஷத்திலும் என்னை நடுவில் உட்காரவைத்து இந்தக் கதையைச் சொல்லாமல் விடுவதில்லை.

அம்மா பாயசக் குண்டாவையே இடுப்பில் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்தாள். அத்தைக்கு இலை போடச் சொன்னாள். சோறு வருவதற்கு முன்பே பெரிய டம்ளரில் விளிம்பு வழிய ஊற்றினாள்.

“குடிச்சுட்டுச் சொல்லுங்க சம்பந்தி. இப்ப வர்ற சொலவடைய எம்பேர்லயே போட்டுக்கறேன்.”

அத்தை கொஞ்ச நேரம் இலையைப் பார்த்தார். பிறகு உட்கார்ந்தார். (என் உயிரும் அப்போதுதான் உட்கார்ந்தது.) டம்ளரை அண்ணாந்து, நிதானமாக, அடி தெரியும் வரைக்கும் குடித்தார். மாமா பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு குனிந்தார். ஹாலே காத்திருந்தது.

“முந்திரிதானுங்க கொஞ்சம் பத்தலை” என்று சொல்லிவிட்டு, அத்தை டம்ளரை மறுபடியும் நீட்டினார்.