மச்சான் தந்த நீலக்கல்

இன்பாஸ் கொடுத்த கல் கண்ணாடி என்று நிரூபிக்கும்வரை இந்த வீட்டில் சோறு தின்பதில்லை என்று எமிலியானுஸ் முடிவெடுத்தபோது, அவர் மூன்றாம் தடவையாகச் சோறு போட்டுச் சாப்பிட்டு முடித்திருந்தார்.

மன்னார்க் கரையோரக் கிராமமான தாழ்வுபாட்டில் அவருக்கு ஒரு வள்ளம், ஒரு வீடு, ஒரு மனைவி. வள்ளத்தையும் வீட்டையும் பற்றி அவர் கவலைப்பட்டதில்லை. இன்பாஸ், மனைவி நிறஞ்சலாவின் தாய்மாமன் மகன். முறை மச்சான். எமிலியானுஸ் குறுக்கே போயிராவிட்டால் அவளைக் கட்டியிருக்க வேண்டியவன். இப்போது இரத்தினபுரியில் கல் பட்டை தீட்டுகிறான். போன மாதம் ஊருக்கு வந்தவன் சும்மா வந்திருக்கலாம். நீலக்கல் பதித்த பென்டன் ஒன்றை அவளுக்குக் கொடுத்துவிட்டுப் போனான்.

எமிலியானுஸ் கலியாணத்துக்குப் போட்ட மோதிரத்திலும் நீலக்கல்தான். அதே அளவு, அதே நிறம். ஆனால் அவனுடைய கல் அவள் நெஞ்சில் சொகுசாகக் கிடந்தது. இவருடையது விரலில் கிடந்து உடுப்புத் தோய்த்தது. அதை நினைத்தாலே இவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இன்னொரு பயமும் இருந்தது. மோதிரக்கல்லை அவருக்கு விற்றவன் அநுராதபுரம் பஸ்ஸில் பக்கத்துச் சீட்டில் இருந்து வந்தவன். அசல் நீலம் என்று அவன் சத்தியம் செய்தான். அதைவிடப் பெரிய சத்தியத்தை இவர் நிறஞ்சலாவிடம் செய்திருந்தார்.

செவ்வாய்க்கிழமை அவள் கருவாடு காயப்போடக் கரைக்குப் போனாள். போகுமுன் வழக்கம்போல நகைகளைக் கழற்றி மாதா சுரூபத்தின் காலடியில் வைத்தாள். எமிலியானுஸ் மாதாவிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு இரண்டையும் சட்டைப் பைக்குள் போட்டார். மோட்டார் சைக்கிளை உதைத்தார்.

மன்னார் கடைத்தெருவில் கல் பார்த்துச் சொல்பவர் ஜுனைதீன்.

"ஒண்டு என்ர. மற்றது வேற ஆளின்ர. வடிவாப் பாத்துச் சொல்லுங்கோ நானா. என்ர சீவியமே இதிலதான் கிடக்கு."

ஜுனைதீன் மோதிரக்கல்லை எமிலியானுஸின் மேலுதட்டில் வைத்தார்.

"குளிருதா?"

"ஐஸ் மாதிரி."

அடுத்தது பென்டன்.

"இது?"

"குளிருது... இல்ல, இப்ப சூடாகிற்று."

ஜுனைதீன் பூதக்கண்ணாடியைக் கண்ணில் வைத்தார். "பென்டன் கல்லுக்குள்ள காத்துக் குமிழி. மேலெல்லாம் கீறல். கண்ணாடியை மணலும் கீறும். நீலத்தைக் கீற வைரம் வேணும்."

"பழசைத் தந்திருக்கிறான், கள்ளன்."

"பொறுங்கோ." ஒரு சின்னக் குழாயை நீட்டினார். "இதுக்குள்ளால பாருங்கோ. மோதிரத்தில என்ன தெரியுது?"

"ரெண்டு நிறம். ஒண்டு கடும் நீலம். மற்றது கொஞ்சம் பச்சை கலந்த நீலம்."

"அசல் நீலம் வெளிச்சத்தை ரெண்டாப் பிரிச்சுக் காட்டும். பென்டனில?"

"ரெண்டு பக்கமும் ஒரே நீலம்."

"அது கண்ணாடி."

எமிலியானுஸ் கதிரையை விட்டு எழும்பி ஜுனைதீனைக் கட்டிப்பிடித்தார். பஸ்ஸில் வந்தவனின் குடும்பம் நல்லா இருக்கவேண்டும் என்று வழியெல்லாம் மன்றாடினார். வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே கரைக்குப் போய் இறங்கினார். நிறஞ்சலாவோடு பக்கத்து வீட்டுச் செலீனாவும் இன்னும் நாலு பெண்களும் கருவாடு பரப்பிக்கொண்டிருந்தார்கள். சனம் கூடியிருந்தது அவருக்கு இன்னும் வசதியாகப் போய்விட்டது.

"நிறஞ்சி, உன்ர மச்சான் தந்தது வெறும் கண்ணாடி. நான் தந்தது அசல் நீலம். ஜுனைதீன் நானாவே சொல்லிற்றார்."

"சரி, இருந்திற்றுப் போகட்டும். பென்டனைத் தாங்கோ."

"தரமாட்டன்."

வலை வீசுகிற வீச்சில் அதைக் கடலுக்குள் எறிந்தார். மோதிரத்தை அவள் விரலில் மாட்டினார்.

"இனி இது நீ சாகும்வரைக்கும் உன்ர கையை விட்டுக் கழலக்கூடாது. அந்தோனியார் மேல சத்தியம் பண்ணு."

"இஞ்சாருங்கோ, நான் சொல்லுறதைக் கொஞ்சம்..."

"முதல் சத்தியம்."

பண்ணினாள். செலீனா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இப்ப சொல்லு."

"கலியாணம் முடிஞ்ச மறுகிழமை மணல் போட்டுச் சட்டி மினுக்கினனான். உங்கட கல் அண்டைக்கே கீறுப்பட்டுப் போச்சு. கண்ணாடி எண்டு எனக்கு அப்பவே தெரியும்."

"அப்ப, மோதிரத்தில இருக்கிறது?"

"மச்சான் தந்த கையோட பத்தரிட்டக் குடுத்து ரெண்டு கல்லையும் மாத்திப் போட்டனான். திருவிழாவுக்கு வாற சனம் என்ர கையைப் பாத்து, புருசன் போட்டது கண்ணாடி எண்டு கதைக்கக்கூடாதெல்லோ. உங்கட கல்லை நெஞ்சில போட்டிருந்தனான். அதைத்தான் இப்ப எறிஞ்சனீங்கள்."

எமிலியானுஸ் கடலைப் பார்த்தார். மோதிரத்தைப் பார்த்தார்.

"அதைக் கழட்டு, பிள்ளை."

"ஏலாது. மச்சானின்ர கல்லை சாகும்வரைக்கும் போட்டிருக்கிறன் எண்டு அந்தோனியாருக்குச் சொல்லிப்போட்டன்."