நஞ்சுண்டன் தோப்பில் யாரோ மூச்சு விடுகிறார்கள்

நஞ்சுண்டனின் இடது புருவம் போனதற்கு வேறு யாரையும் குற்றம் சொல்ல முடியாது. தண்ணீருக்காகப் புதிதாகத் துளைத்த போர்க்குழியின் வாயில் சூடத்தட்டைக் காட்டியவர் அவர்தான். பக்தி மிகுதியில் தேவைக்கு மேல் குனிந்தவரும் அவர்தான்.

'பப்' என்று ஒரு சத்தம். குழாய் விளிம்பில் நீலச் சுடர் ஒன்று எழுந்தது. அவர் முகத்தை ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு உள்ளேயே போய்விட்டது.

முந்தின நாள் முழுக்கத் துளைத்தும் கல்பொடிதான் பறந்திருந்தது. இன்னும் கொஞ்சம் இறக்கிப் பார்க்கலாம் என்று பூஜை போடச் சொன்ன, துளை போடும் ரிக் வண்டிக்காரர்கள், தட்டில் சூடம் அணைவதற்குள் வண்டியோடு ரோட்டுக்குப் போயிருந்தார்கள்.

வீட்டிலிருந்த கயிறுகளையெல்லாம் முடிச்சுப் போட்டு நஞ்சுண்டன் ஒரு பாட்டிலை இறக்கினார். உள்ளே இருப்பது தெரியாதபடி வெளியெல்லாம் கன்னங்கரேலென்று, பெட்ரோல் பங்க் வாசனையோடு அது மேலே வந்தது.

"தென்னைக்குத் தண்ணி கேட்டா பெட்ரோல் கொண்டாந்திருக்கீங்க," என்றாள் மனைவி மோகனப்பிரியா. "இனி இளநி ஊத்தியே வண்டி ஓட்டிக்கலாமுங்க."

சொன்னவளுக்கே சிரிப்பு வரவில்லை. ஆனைமலைக்குப் பக்கத்தில் இருந்த அந்தத் தோப்பில் பாதி மரங்கள் மட்டையைத் தொங்கப்போட்டு நின்றன. இந்தப் போரும் பொய்த்தால் எல்லாவற்றையும் வெட்டிவிடுவது என்று இருவரும் பேசி முடித்திருந்தார்கள்.

நஞ்சுண்டன் பாட்டிலை எடுத்துக்கொண்டு சரவணம்பட்டியில் இருந்த பரிசோதனைக்கூடத்துக்கு பஸ் ஏறினார். அங்கே யுவஸ்ரீ என்ற பெண் கறுப்பை ஒரு தட்டில் ஊற்றிக் குச்சியால் கீறினாள். கீறிய இடம் மெல்ல மறுபடி ஒட்டிக்கொண்டது.

"துருத்தண்ணிமேல படியற ஏடா இருந்தா சில்லு சில்லா உடையும். இது எண்ணெய்தானுங்க."

"பெட்ரோலுங்களா?"

"கருங்கல்லுல பெட்ரோல் ஊறாதுங்களே."

"அப்புறம் என்னதானுங்க இது?"

"ரிசல்ட் வரட்டுங்க சார்."

அன்று சாயங்காலம் போர் மூச்சு விட ஆரம்பித்தது.

காற்றே இல்லை. ஓர் ஓலைகூட அசையவில்லை. குழாய் வாயில் விழுந்த வேப்பிலை மட்டும் மேலே எழும்பி, யோசித்து, பக்கவாட்டில் போய் விழுந்தது. உள்ளிருந்து 'ம்ம்ம்' என்று யாரோ சலித்துக்கொள்வதுபோல ஒரு சத்தம்.

நஞ்சுண்டன் ஈரச்சாக்கைப் போட்டு மூடினார். காலையில் சாக்கு ஓரமாகத் தள்ளப்பட்டிருந்தது. கல்லை வைத்தார். முனகல் விசிலாக மாறியது. நாய் சாப்பாட்டை விட்டுவிட்டு ஊளையிட்டது. பிளாஸ்டிக் தாளைச் சுற்றி இறுக்கிக் கட்டினார். அது மாசமான வயிறுபோல மெதுவாக உப்பியது.

பக்கத்துத் தோட்டத்து ஐயாசாமி வேலியோரம் ஓடி வந்தார். "ஏனுங்க நஞ்சுண்டண்ணா, என்ன பண்ணிப்போட்டீங்க? வத்திப்போன எங்க போரும் முனகுதுங்க!"

"அதுவும் பங்க் வாசனை அடிக்குதுங்களா?"

"மோந்து பாக்க என்னால ஆகாதுங்க. எனக்கு ரெண்டு புருவமும் வேணும்." அவர் குரலைத் தாழ்த்தினார். "பெட்ரோல்னு தெரிஞ்சா கவர்மெண்டு வேலி போட்டுருமுங்க. உங்க தோப்புக்கு நீங்களே பாஸ் வாங்கிட்டுத்தான் வரோணும்."

மறுநாள் சத்தம் இன்னும் மேலே கேட்டது. அதற்கடுத்த நாள், குழாய்க்குள் கை விட்டால் பிடித்துவிடலாம் என்கிற தூரத்தில் கேட்டது. மோகனப்பிரியா வெளியே காயப்போட்ட துணியைக்கூட எடுக்கப் போகவில்லை.

"எது வேணா போகட்டுமுங்க. அதை மூடிப்போடுங்க," என்றாள்.

நஞ்சுண்டன் குழாய்க்குள் ஜல்லி கொட்டினார். அதன்மேல் கான்கிரீட் கொட்டி, கொத்துக்கரண்டியால் மழமழவென்று தேய்த்தார். வாழ்நாளிலேயே அவர் ஒழுங்காகச் செய்து முடித்த வேலை அது ஒன்றுதான். சத்தம் நின்றது. கான்கிரீட் இறுகியது. காய்ந்த மரங்களை நிமிர்ந்து பார்க்காமல் அதன்மேலேயே உட்கார்ந்திருந்தபோது போன் அடித்தது.

"சார், யுவஸ்ரீ பேசறேனுங்க. பயப்பட ஒண்ணுமில்ல. அது ரிக் வண்டியோட டீசலும் ஆயிலும்தான். ஹோஸ் பைப் எங்கயோ கசிஞ்சு உள்ள போயிருக்கு. பாட்டில்ல மேலாப்புல ஒரு விரக்கடைக்குத்தான் இருந்துச்சு."

"அது கெடக்கட்டும் அம்மணி." நஞ்சுண்டன் வாயைப் பொத்திக்கொண்டு பேசினார். "உள்ள ஏதோ மூச்சு விட்டுச்சுங்க. நாளுக்கு நாள் கிட்ட கிட்ட வந்துச்சுங்க."

"வரத்தானுங்க செய்யும்," என்றாள் யுவஸ்ரீ. "எண்ணெய்க்குக் கீழ பாட்டில் முழுக்க நல்ல தண்ணி. அது ஏற ஏற, குழாய்க்குள்ள இருக்கற காத்து வெளிய வரும். மோட்டார் எப்பங்க எறக்கறீங்க?"