ஸ்பேனர் கொடுத்து மீட்ட டென்மார்க் தகடு

கீழே கிடந்த பொருளை உரியவரிடம் சேர்க்க வேண்டும் என்று பள்ளியில் சொல்லிக்கொடுத்தார்கள். உரியவர் யாரென்று முதலில் விசாரிக்க வேண்டும் என்று யாரும் சொல்லித்தரவில்லை. (சொல்லியிருந்தாலும் என் காதில் ஏறியிருக்காது, அது வேறு விஷயம்.)

என் மைத்துனன் செந்திலுக்கு பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. ஓய்வு நேரத்தில் ஜியோகேச்சிங் என்று ஒரு விளையாட்டு. ஒருவர் சின்ன டப்பாவை எங்காவது ஒளித்துவைத்து இடத்தை இணையத்தில் போடுவார். மற்றவர்கள் போனைப் பார்த்துத் தேடுவார்கள். சில டப்பாக்களில் எண் பொறித்த நாணயமோ தகடோ இருக்கும். எடுத்தவர் அதை வைத்துக்கொள்ளக் கூடாது. வேறு ஊர் டப்பாவில் போட்டுவிட்டு, அந்த எண்ணைக் கொடுத்து இணையத்தில் பதிய வேண்டும். இப்படியே கைமாறி அது ஊர் சுற்றும். சொந்தக்காரர் வீட்டிலிருந்தபடி பார்த்துக்கொண்டிருப்பார்.

அப்படி டென்மார்க்கிலிருந்து ஒரு தகடு செந்தில் கைக்கு வந்தது. கன்னியாகுமரியைப் பார்க்க ஆசைப்பட்டு, பார்க்காமலே இறந்துபோன கணவருக்காக ஓர் அம்மா அனுப்பியது. நெய்வேலியில் எங்கள் வீட்டுக்கு வந்த செந்தில், டவுன்ஷிப் பூங்காவில் தான் ஒளித்துவைத்திருந்த டப்பாவில் அதைப் போட்டுவிட்டு ஊர் திரும்பினான். திங்கட்கிழமை மதுரை நண்பன் வந்து எடுத்துக்கொண்டு நேரே கன்னியாகுமரி போவதாக ஏற்பாடு. இதையெல்லாம் சாப்பாட்டு வேளையில் அவன் எனக்கு விளக்கினான். நான் மீன் முள்ளில் கவனமாக இருந்தேன்.

ஞாயிறு காலை நடக்கப் போனவன், ஷூ லேஸ் கட்டக் குனிந்தேன். பெஞ்சுக்கு அடியில் டப்பா. உள்ளே பொம்மைக் கார், பென்சில், சங்கிலி கோத்த ஒரு தகடு. தகட்டில் எண், அதற்குக் கீழே பொடி எழுத்தில் ஏதோ ஆங்கிலம். கண்ணாடியை வீட்டிலேயே வைத்துவிட்டிருந்தேன்.

என்னைப் போன்ற மைன்ஸ் ஒர்க்ஷாப் ஃபிட்டருக்கு எண் போட்ட தகடு என்றால் அது டூல் ரூம் டோக்கன்தான். ஸ்பேனர் வாங்கும்போது நம் டோக்கனை அங்கே கொக்கியில் மாட்ட வேண்டும். ஸ்பேனரைத் திருப்பிக் கொடுத்தால் டோக்கன் கைக்கு வரும். அதைத் தொலைத்தவன் படும் பாடு சொல்லி மாளாது. எந்தப் பிள்ளையோ அப்பாவின் டோக்கனை எடுத்து விளையாடியிருக்கிறது, பாவம் அந்த மனுஷன் வீட்டையே புரட்டிக்கொண்டிருப்பான் என்று மனசு இளகிவிட்டது. மறுநாள் முதல் ஷிப்டில், டூல் ரூமில் காலியாக இருந்த ஒரு கொக்கியில் அதை நானே மாட்டினேன். உரியவன் பார்த்து எடுத்துக்கொள்வான். அன்று பகல் முழுக்க என் நல்ல மனசை நானே மெச்சிக்கொண்டிருந்தேன்.

ஷிப்ட் முடியும் நேரத்தில் டூல் ரூம் ராஜமாணிக்கம் அண்ணன் சத்தம் போட்டார்.

“டோக்கன் தொங்கிக்கினு கெடக்குது, டூலக் காணோம். எவன்யா எடுத்தது?”

கணக்குச் சேரும்வரை யாரும் நகரக் கூடாது. எல்லோருடைய பெட்டியும் திறக்கப்பட்டது. வெளியே ஷிப்ட் பஸ் ஹாரன் அடித்தது. நான் முன்னால் போனேன்.

“நான்தாண்ணே மாட்டினேன். பார்க்குல கெடச்சது.”

“அப்ப டூலு எங்கங்க?”

“டூலே எடுக்கலண்ணே.”

“டோக்கன மாட்டினவருதான் டூலு எடுத்தவரு. டூலு உள்ள வந்தாத்தான் டோக்கன் வெளிய போவும்.”

மற்றவர்கள் என்னை முறைத்துக்கொண்டே பஸ் ஏறினார்கள். அந்த நேரம் பார்த்து செந்தில் போன் செய்தான்.

“மாமா, என் ஃப்ரெண்டு பார்க்குல நிக்கிறான். டப்பால இருந்த தகட்டக் காணோமாம்! சாயங்காலம் அவனுக்கு பஸ். அந்தம்மா வேற எப்ப கெளம்புதுன்னு கேட்டுட்டே இருக்காங்க.”

“தகடு எப்படி இருக்கும் மாப்ள?”

அவன் சொன்ன எண்ணும் சங்கிலியும் நான் மாட்டிய தகட்டுடையதேதான். செத்துப்போன மனுஷனின் கடைசி ஆசையைக் கொண்டுபோய்க் கொக்கியில் மாட்டியிருக்கிறேன்! திரும்ப ஓடினேன்.

“அண்ணே, அது டென்மார்க் தகடுண்ணே!”

“எந்த நாட்டுதா இருந்தா எனக்கென்னங்க? என் கொக்கில தொங்குதில்ல?”

வேறு வழியில்லை. பைக்கை எடுத்துக்கொண்டு பண்ருட்டிக்குப் பறந்து, ஒரு புது ரிங் ஸ்பேனர் வாங்கிவந்தேன். கேட்டில் செக்யூரிட்டி தடுத்தார். “ஸ்பேனர வெளிய கொண்டுபோறவனத்தான் புடிச்சிருக்கேன். உள்ள கொண்டார ஆள இப்பதாங்க பாக்குறேன்!” என்றவர், மேலதிகாரியிடம் கேட்டுவிட்டுத்தான் விட்டார்.

ராஜமாணிக்கம் ஸ்பேனரைத் துடைத்து, திருப்பித் திருப்பிப் பார்த்து, ரேக்கில் வைத்த பிறகே தகட்டைக் கழற்றினார். “இத மொதல்லயே செஞ்சிருந்தா எல்லாம் நேரத்தோட வூட்டுக்குப் போயிருப்பாங்க இல்ல?” என்றார். பஸ் ஸ்டாண்டுக்குப் பைக்கை விரட்டினேன். நகர ஆரம்பித்திருந்த பஸ்ஸின் ஜன்னல் வழியாகத் தகட்டை செந்திலின் மதுரை நண்பன் கையில் திணித்தேன். எனக்கு மூச்சு வந்தது அப்புறம்தான்.

தகடு கன்னியாகுமரி சேர்ந்தது. கடலைப் பார்க்க வைத்து எடுத்த படத்துடன், நெய்வேலியில் நடந்ததையும் செந்தில் ஒன்று விடாமல் இணையத்தில் எழுதிவிட்டான். (அக்காள் புருஷன் என்ற மரியாதை கொஞ்சமும் இல்லை.) அந்த அம்மாவிடமிருந்து பதில் வந்தது. அதை அவன் போனிலேயே எங்களுக்குத் தமிழில் படித்துச் சொன்னான்:

“என் கணவர் கப்பலில் மெக்கானிக். ஆயுள் முழுக்க இரவல் வாங்கிய ஒரு ஸ்பேனரைக்கூட அவர் திருப்பிக் கொடுத்ததில்லை. அவருக்காக நீங்கள் ஒன்றைக் கொடுத்துவிட்டீர்கள். மிக்க நன்றி.”

சிரிக்க வேண்டிய இடம்தான். நான் இன்னொரு தடவை படிக்கச் சொன்னேன். என் மனைவி மட்டும் போனை வாங்கி, “டேய், அந்தம்மாகிட்ட கேளு, மனுஷன் இன்னும் எத்தன ஸ்பேனர் பாக்கி வச்சிருக்காருன்னு. இங்க ஒருத்தர் பண்ருட்டிக்குக் கெளம்பி நிக்கிறாரு” என்றாள். இன்றைக்கும் நான் பைக் சாவியைத் தொட்டால் போதும், “என்ன, டென்மார்க்குக்கா?” என்றுதான் கேட்கிறாள்.