வில்மாவின் அப்பா தக்காளி

ஹாக்கி ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் போய், அதிலும் தன் அணி தோற்று, தொலைக்காட்சியை அணைத்த பிறகுதான் ஆறு தக்காளி நாற்றுகளும் வெளியே இருப்பது ஹார்லனுக்கு நினைவு வந்தது.

ஓடிப்போய்ப் பார்த்தார். இலைகள் வெளுத்துச் சுருண்டிருந்தன.

வெர்மான்டின் மே மாத வெயில் பார்க்கத்தான் சாது. நிலவறையில், விளக்கு வெளிச்சத்தில் வளர்ந்த நாற்றை முதல் நாள் கொஞ்ச நேரம் நிழலில் வைத்து, பிறகு மெல்ல மெல்ல வெயிலும் காற்றும் காட்டிப் பழக்க வேண்டும். மகளைப் பார்க்கப் பாஸ்டன் கிளம்பியபோது வில்மா இதைப் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள்.

"எங்கப்பா விதை, ஹார்லன். வேற எங்கேயும் கிடைக்காது. இத்தனை வருஷம் நீ மில்லுக்குப் போனே, நான் ஒண்டியா பார்த்துக்கிட்டேன். இப்பதான் ரிடையர் ஆயிட்டியே, நீ பாரு."

"செடியை வெளியே வச்சு உள்ளே எடுக்கிறதுக்கு இவ்வளவு பீடிகையா?" என்று சிரித்தவர் அவர்தான்.

அந்தத் தக்காளி சந்தைப் போட்டியில் வருஷம் தவறாமல் பரிசு வாங்கும். வேலியோரம் நிற்பவர்களுக்கெல்லாம் வில்மா அப்பாவின் கதையைச் சொல்வாள். அதைச் சொல்லும்போது அவள் முகம் சின்னப் பெண்ணின் முகமாகிவிடும். அந்த முகத்தை நினைத்ததும் ஹார்லன் தண்ணீர்க் குழாய்க்கு ஓடினார்.

வாடினால் தண்ணீர்தானே? குடம் குடமாக ஊற்றினார். செடிகள் சேற்றில் சாய்ந்தன. காற்றில் காயட்டும் என்று பின்கட்டுப் படியில் வைத்தார். மலைக்காற்று இரண்டின் கழுத்தை முறித்தது. கடைசியில் மிச்சத்தைக் காரின் பின்சீட்டில் ஏற்றி, கண்ணாடியை மேலே தூக்கிவிட்டார். காற்றும் படாது, வெளிச்சமும் வரும். தன் மூளையைத் தானே மெச்சிக்கொண்டு காபி குடிக்கப் போனார்.

திரும்பி வந்து கார்க் கதவைத் திறந்ததும் கீரை வெந்த வாசனை அடித்தது.

சனிக்கிழமை தேவாலயத்தில் செடி விற்பனை. மேசைக்குப் பின்னால், வருஷா வருஷம் நாற்று வளர்த்து விற்கும் க்ளோடெட் நின்றிருந்தாள்.

"தக்காளி நாத்து ஆறு கொடு. வில்மா காதுக்குப் போச்சு, அப்புறம் எனக்கு நாய்க் கூண்டுலதான் படுக்கை."

"இந்த விஷயத்துல என் வாய்க்கு எப்பவோ பூட்டு போட்டாச்சு, போ" என்று க்ளோடெட் சிரித்தாள்.

வீட்டுக்கு வந்துதான் அடுத்த வம்பு புரிந்தது. அவை வெயிலுக்குப் பழகிய செடிகள். தண்டு தடித்து, இலை கரும்பச்சையாக, முரட்டுத்தனமாக நின்றன. ஹார்லன் வளர்த்தது என்றால் பச்சைக் குழந்தைகூட நம்பாது. வேறு வழியில்லாமல் அவற்றை நிலவறை இருட்டில் வைத்தார். ஊரெல்லாம் செடியைத் தேற்றிக்கொண்டிருக்க, இவர் மட்டும் நல்ல செடியை நோயாளியாக்கினார்.

ஒரு வாரம் கழித்து வில்மா திரும்பியபோது அவை வெளிறி, கொக்குக் கால் போல நீண்டிருந்தன.

"எல்லாமே பிழைச்சுடுச்சா?" வில்மா குனிந்து ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். "ஒண்ணுகூடவா சாகலே?"

"ஏன் சாகணும்?"

"இல்ல... எப்படிப் பண்ணினே? முதல் நாள் எங்கே வச்சே? எவ்வளவு நேரம்? காத்து அடிச்சப்ப என்ன பண்ணினே?"

போலீஸ்காரர்கூட இப்படித் துளைக்கமாட்டார். "நீ சொன்னபடிதான் எல்லாம் செஞ்சேன்" என்று ஹார்லன் மழுப்பினார். வில்மா அவரையே வெகுநேரம் வியப்போடு பார்த்தாள்.

மே மாதக் கடைசியில், மெமோரியல் டே விடுமுறையன்று இருவரும் நடவில் இறங்கினார்கள். நீண்ட தண்டைக் கழுத்துவரை மண்ணில் புதைத்தால் தக்காளி தேறிவிடும். வில்மா மண்ணை அணைத்தபடி, "அப்பா இருந்தா உன்னைத் தட்டிக் கொடுத்திருப்பார்" என்றாள்.

ஹார்லனால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. செத்துப்போன மாமனாரை ஏமாற்றுவது கொஞ்சம் அதிகப்படிதான். "வில்மா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்..."

வாசலில் லாரி ஹாரன் அலறியது. க்ளோடெட்டின் புருஷன் ரோலண்ட், கையில் ஒரு நாற்றுத் தட்டோடு இறங்கி வந்தார்.

"இந்தா வில்மா, உன்னோட ஆறு தக்காளி நாத்து! வருஷா வருஷம் விற்பனைக்கு மறுநாளே பின்வாசல் வழியா வந்து எடுத்துட்டுப் போவியே, இந்தத் தடவை ஆளையே காணோம்... ஏன், இந்த வருஷம் உன் நாத்து வெயில்ல கருகலையா?"